வாசலில் வரிசை

புந்தோங்கில் தர்மாவின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அன்றுதான் திறப்பு விழா. கறுப்புக் கண்ணாடிக் கதவில் தொடங்கிய வரிசை பஸ் நிறுத்தம் வரை நீண்டிருந்தது. மைத்துனன் விக்னேஸ்வரன் அதைக் கைப்பேசியில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தான்.

நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்து வரிசையின் கடைசியில் நின்றாள்.

"இடம் கெடைக்குமாண்ணே? வீடியோ பாத்துட்டு பீடோர்லேருந்து வாரேன். இவ்ளோ கூட்டம்னா ருசியாத்தானே இருக்கும்?"

"லேட்டாகும்மா. வெயில்ல நிக்காதீங்க, நாளைக்கு வாங்களேன்," என்றான் தர்மா.

"பரவால்லலா, நிக்கிறேன்."

முன்னால் நின்ற பெண் திரும்பினாள். "புள்ளத்தாச்சி பொண்ணு. நீ முன்னுக்குப் போம்மா."

அடுத்தவரும் வழிவிட்டார். அதற்கடுத்தவரும். தர்மா வேண்டாமென்று கண்ணைக் காட்டியதை யாரும் கவனிக்கவில்லை.

அவள் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே போய்க் கதவைத் தள்ளினாள்.

எல்லா மேசைகளும் காலியாக இருந்தன.

அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு பின்னாலேயே ஓடி வந்த தர்மாவை.

"அப்புறம் இவங்கல்லாம் எதுக்குண்ணே வெளிய நிக்கிறாங்க?"

விக்னேஸ்வரன் நேரலையை நிறுத்தத் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, முதல் ஆளாக நின்ற தர்மாவின் மாமியார் பதில் சொன்னார்.

"நாங்க வீட்டு ஆளுங்கம்மா. வரிசை கொறஞ்சிருமேன்னு, காலையிலேருந்து எங்களுக்கே மாப்பிள்ள இன்னும் சோறு போடல."