பனியில் விழுந்த பொருள்

கப்பலிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த பன்னிரண்டு பேரும் காலணியில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டு பனியாற்றின் விளிம்பில் நின்றார்கள். முதல் அடி வைப்பதற்கு முன் அமிர்தவல்லி கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து, பனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விமானப் படியிலும் கப்பல் படியிலும் இதையே செய்தவள்தான்.

"என்ன ஆச்சு?" என்று வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அமிர்தவல்லியின் கணவர் குணசேகரனுக்குக் கூச்சமாக இருந்தது. "ஏதோ கீழே விழுந்துவிட்டது" என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவைத்தார்.

வழிகாட்டி உடனே எல்லோரையும் நிறுத்தினாள். நீல மலைகளுக்கு நடுவே, முன்பின் தெரியாத பத்துப் பேர் கையுறைகளைக் கழற்றி, மண்டியிட்டுப் பனியைத் தடவ ஆரம்பித்தார்கள். "மோதிரமா?" என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பதறினார். குணசேகரன் தலையாட்டினார். வேறு வழியில்லாமல் அவரும் மண்டியிட்டார்.

அமிர்தவல்லிக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தேடினாள். மோதிரம் அவள் விரலிலேயே இருந்தது.

"என்னத்தைங்க தொலைச்சீங்க?"

அவள் தொட்டு ஒற்றிக்கொண்ட அதே பனியில் பதிந்திருந்த கையை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.