வண்டி ஓட்டுகிறவனுக்குச் சொல்லாதே

"கத்தரிக்காய்ப் பால்கறியும் குத்தரிசிச் சோறும்," என்று போனில் சிரித்தபடி சொன்னாள் சயந்தினி. "உனக்கு அங்க என்ன, அதே பன்தானே?"

"பன்தான் அக்கா. பெற்றோல் செட்டில வாங்கினது. கல்லு மாதிரி. எறிஞ்சா ஆரின்ர மண்டையும் உடையும்."

"எறியிறதுக்கு அங்க ஆக்கள் இருக்கினமே?"

பவித்திரன் சிரித்தான். அவளுடைய ஒரே தம்பி. அமெரிக்காவின் வடக்குச் சமவெளியில், நார்த் டகோட்டாவில், வாடகைக் கார் ஒன்றில் ஆறு நாளாகத் தனியே போய்க்கொண்டிருந்தான். விவாகரத்து முடிந்த கையோடு, கொஞ்ச நாளைக்கு ஒருவர் முகத்தையும் பார்க்காமல் இருக்கப்போவதாகச் சொல்லி லண்டனிலிருந்து புறப்பட்டவன். ஆட்கள் இல்லாத இடத்தைக் காசு கொடுத்துப் பார்க்கப் போகிறவன் இவன் ஒருத்தன்தான் என்று அம்மா எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தாள்.

"சரி, றோட்டைப் பார்த்து ஓட்டு. வைக்கிறன்."

போனை வைத்ததும் சயந்தினியின் சிரிப்பு நின்றது. லூயிஷாமில் உள்ள அந்தச் சின்ன ஃபிளாட்டில் மதியத்துக்குப் பிறகு அடுப்பு மூட்டப்படவில்லை. மூடிய அறைக்குள், கட்டிலில், அம்மா தவநாயகி இறந்து கிடந்தாள்.

இரண்டு மணிக்குத் தேநீர் கொண்டுபோனபோது அம்மா கதிரையில் சாய்ந்திருந்தாள், மடியில் போன் கவிழ்ந்து கிடந்தது. கண் திறந்திருந்தது. சயந்தினி கத்திவிட்டாள். ஆம்புலன்ஸில் வந்த இருவரும் பார்த்தார்கள், கட்டிலில் கிடத்தினார்கள், தாழ்ந்த குரலில் அனுதாபம் சொல்லிவிட்டுப் போனார்கள். உடலை எடுத்துப்போகிறவர்கள் ஆறு மணிக்கு மேல்தான் வருவார்கள்.

அவர்கள் குடும்பத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை. ரொறன்ரோவில் பெரியப்பாவின் மகன், தகப்பன் போன செய்தியை ஹைவேயில் வைத்துக் கேட்டு, நேரே ஒரு லொறிக்குள் போனான். ஒரே வாரத்தில் இரண்டு செத்தவீடு. பவித்திரனோ பனி தூவத் தொடங்கிய பாதையில் இருந்தான். அறுபது மைலுக்கு ஒரு வீடு இல்லை என்று நேற்றுத்தான் சொன்னான். இரவு அவன் ஒரு ஊரில் போய்த் தங்கும்வரை அவனுக்குத் தெரியக்கூடாது.

அதனால் வேறு யாருக்கும் சொல்ல முடியவில்லை. வெம்பிளியில் இருக்கும் சித்திக்குச் சொன்னால் போதும், பத்து நிமிடத்தில் அம்மாவின் படம் மாலையோடு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கணவன் வாசுதேவனும் பஸ் ஓட்டுகிறவன். டிப்போவுக்குப் போன் எடுத்து, ஷிப்ட் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

ஆகவே சயந்தினி தனியே இருந்தாள். தலைமாட்டில் விளக்கேற்றினாள். அம்மாவின் கால்களை மூடினாள். வாய்விட்டு அழவில்லை, அடுத்த அழைப்பில் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அழைப்போ அரை மணிக்கு ஒருதரம் வந்தது.

"அக்கா, இஞ்ச ரேடியோவில கோதுமை விலை மட்டும்தான் சொல்லுறாங்கள். ஏறியிருக்காம். எனக்குப் பெரிய சந்தோஷம்."

"விசரா."

"இப்ப ஒரு கூட்ஸ் ரெயின் போனது. நூற்றி நாலு பெட்டி. முழுக்க எண்ணினனான்."

"ஓட்டிக்கொண்டே எண்ணினனி? கண்ணை எங்க வச்சிருந்தனி?"

"இந்த றோட்டில ஸ்டியரிங்கைத் தொடவே தேவையில்லை. நீ கதை அக்கா."

"என்னத்தைக் கதைக்க?"

"எதையாவது. அந்தப் பால்கறி எப்படி வைக்கிறது, அதைச் சொல்லு."

குளிர்ந்த அடுப்பைப் பார்த்தபடி, வெங்காயம் அரிவதிலிருந்து தொடங்கிச் சொன்னாள். சொல்லிலேயே கத்தரிக்காயை வதக்கினாள், பால் விட்டாள், தேசிக்காய் பிழிந்தாள். இரண்டு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். அவன் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

'அம்மா குளிக்கிறா' என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். நல்ல காலம், அவன் அம்மாவைக் கேட்கவே இல்லை.

ஐந்தரைக்குக் கதவில் சாவி திரும்பியது. வாசுதேவன் யூனிஃபார்மோடு நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான், சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தான். பையைக் கீழே போட்டுவிட்டு அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டான். மூன்றரை மணி நேரம் அடக்கியது எல்லாம் அவன் தோளில் உடைந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சயந்தினி மூக்கைத் துடைத்து, தொண்டையைச் செருமி, குரலைச் சரிசெய்துகொண்டு எடுத்தாள்.

"என்னடா, இப்ப எங்க நிக்கிறாய்?"

மறுமுனையில் காற்று இரைந்தது.

"அத்தான் வந்திட்டாரே?"

"ஓம்... இப்பதான். ஏன்?"

"அம்மா என்னோட கதைச்சுக்கொண்டு இருக்கேக்கதான் அக்கா போனவ. நீ வந்து கத்தினதும் எனக்குக் கேட்டது. அப்பவே காரை ஓரமா விட்டனான். இன்னும் அந்த இடத்திலதான் நிக்கிறன்."

வாசுதேவன் அவள் தோளை இன்னும் விடாமல் பிடித்திருந்தான்.

"இனி நீ தனிய இல்லைத்தானே?" என்றான் பவித்திரன். "அப்ப நான் அழுறன்."