மேடையில் மின்விசிறி இல்லை

நகரமண்டபத்தில் இலக்கியக் கழகத்தின் மாதக் கூட்டம். மேடையில் ஏழு பேர். கீழே, ஓடுகிற ஒரே மின்விசிறிக்கு அடியில், இரவுக் காவல் வேலைக்குப் போகுமுன் தூங்க வரும் செபஸ்தியான் மட்டும். செயலாளர் வந்து தட்டி எழுப்பினார்.

"அண்ணே, ஒரு கூட்டம் விடாம வர்றீங்க. மேல வாங்க, பொன்னாடை போத்துறோம்."

"இப்பத் தூங்கலைன்னா டூட்டில தூங்கிருவேன் தம்பி. வேலை போயிரும்."

"ஏற்புரை ரெண்டு வார்த்தைதாண்ணே."

பொன்னாடைக்குள் வியர்த்து வழிந்தது. செபஸ்தியான் மைக்கைப் பிடித்துக் காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"கீழ ஆளே இல்லியே, யாருகிட்டப் பேச?"

தலைவர் உடனே இறங்கினார். மற்றவர்களும் இறங்கி மின்விசிறிக்கு அடியில் நெருக்கி உட்கார்ந்தார்கள். செபஸ்தியானின் நாற்காலியில் தலைவர் காலை நீட்டிக் கண்ணை மூடினார்.

செபஸ்தியானுக்குத் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது.

"அவையோருக்கு வணக்கம்," என்றார். "நான் விரிவாப் பேசப் போறேன்."