வெறும் தண்ணீர்

மாலை வெயில் தையல் இயந்திரத்தின் சக்கரத்தில் சாய்ந்து கிடக்கிறது. நடைப்பயிற்சி முடித்து வந்த தையல்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போயிருக்கும் மனைவி கூப்பிடுகிற நேரம். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை அப்போதே விழுங்கிவிட்டார். போட்டாச்சு என்று சொன்னால் உடனே போனை வைத்துவிடுவாள். மணி அடிக்கிறது. “மாத்திரை போட்டீங்களா?” “இன்னும் இல்லை.” “பேரன்கூட ஒரு தடவை சொன்னா வாயைத் திறக்கறான். உங்களோட மாரடிக்க முடியலை. எண்ணெய்ப் பண்டம் ஏதாவது உள்ளே போச்சா?” “அவிச்ச காய்தான், தாயே.” “இப்பவே போடுங்க. முழுங்கற சத்தம் கேட்டாத்தான் வைப்பேன்.” அவர் வெறும் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கிறார். மறுமுனையில் அவள் மூச்சு கேட்கிறது. கடைசி மடக்கை மட்டும் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்.