பிக்கப் போன வண்டி

"ஏனுங்க தம்பி, எனக்குப் புகை குறையவே வேண்டாமுங்க. பழைய சாஃப்ட்வேரையே திருப்பிப் போட்டுக் குடுத்துருங்க. இல்லீனா வண்டிய இங்கயே உட்டுப்போட்டுப் போறேன், நீங்களே வித்துக் குடுங்க!"

சர்வீஸ் சென்டரில் உதய்யின் மேஜை மேல் சாவியைப் பொத்தென்று வைத்தார் பாலகோபால். பெரியநாயக்கன்பாளையத்தில் பவுண்டரி வைத்திருப்பவர். மனைவி போன பிறகு அவர் உயிராக நினைப்பது இரண்டைத்தான். ஒன்று மகள் வர்ஷினி, இன்னொன்று இந்த டீசல் எஸ்.யூ.வி. இப்போது இரண்டோடும் சண்டை.

"ரீகால் வேலைங்களா சார்?" என்றான் உதய். "அளவுக்கு மேல புகை தள்ளுதுன்னு கம்பெனியே கூப்பிட்டு இலவசமா செஞ்சு தர்றதுங்க. அது செஞ்ச வண்டி கொஞ்சம் மந்தமாத்தானுங்க இருக்கும். எல்லாருமே சொல்றாங்க. ஓட்ட ஓட்டப் பழகிக்குமுங்க."

"மந்தமா? மிதிச்சா மிதிச்ச மாதிரியே இல்லீங்க! சரி, இழுக்கலையேன்னு இன்னும் எச்சா மிதிச்சா, திடுக்குனு பாயுது. நேத்து காரமடைகிட்ட ஒரு பஸ்ஸை முந்தப் போனேன். எதுக்கால லாரி. தப்பிச்சது பெரும்பாடு!"

"ஐயையோ!"

"முன்னயே லேசா சுணக்கமாத்தான் இருந்துச்சு. வண்டிக்கும் வயசாகுதல்லன்னு உட்டுட்டேன். இவங்க கை வெச்சதும் சுத்தமாப் போச்சு. எல்லாம் எம்புள்ளையால வந்தது. பெங்களூர்ல வேலை பாக்கறா. நோம்பி லீவுக்கு வந்தவ வந்தோமா, தின்னோமா, தூங்குனோமான்னு இருக்கலாமல்லங்க? 'அப்பா, உங்க வண்டிப் புகையை ஊரே குடிக்குது'ன்னு, அவளே வண்டியக் கொண்டாந்து இங்க உட்டா, அவளே சாயங்காலம் ஓட்டீட்டும் வந்தா. அடுத்த நாள் நான் எடுத்து ஓட்டறேன், வண்டியில உசுரே இல்ல."

மேஜைக்கு வந்த காபியை, "சக்கரை ஆகாதுங்க" என்று தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். குரல் தணிந்துவிட்டது.

"வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேனுங்க. 'நல்லா இருந்த வண்டியக் கெடுத்துட்டியே, நீயெல்லாம் எனக்குப் புள்ளையா'ன்னு கேட்டுப்போட்டேன். அந்த வார்த்தைய மட்டும் நான் சொல்லியிருக்கக் கூடாது. தாயில்லாத புள்ள. 'அப்பா, ஒரே நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க'ன்னா. நான் எங்க கேட்டேன்? விடியக்காலம் பஸ் ஏறிப் போயிட்டா."

அவர் மேஜை மேல் வைத்திருந்த போன் அடித்தது. திரையில் மகளின் பெயர். பாலகோபால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்து ஓய்ந்தது.

"எடுத்துப் பேசுங்களேன் சார்."

"எப்படீங்க எடுக்கறது? வண்டி இப்பிடி இருக்கறப்ப எடுத்தா, மறுக்கா சண்டையிலதான் போய் முடியும். நீங்க மொதல்ல சரி பண்ணிக் குடுங்க. இங்கிருந்தே கூப்பிட்டு, தப்புத்தான் சாமின்னு சொல்லிப்போடறேன்."

பெற்ற மகளிடம் பேசுவதற்கு வண்டியில் பிக்கப் வந்தாக வேண்டுமாம். வீம்புக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் ரீகால் கொண்டுவருவதில்லை.

"வாங்க சார், ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துரலாம். நீங்களே ஓட்டுங்க."

மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டியை இறக்கினார். பாலம் ஏறும்போது வண்டி தயங்கித் தயங்கி ஏறியது. பின்னால் வந்த டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவர் இன்னும் கொஞ்சம் மிதிக்க, வண்டி குபீரென்று பாய்ந்தது. உதய் மேலே இருந்த கைப்பிடியைத் தொற்றிக்கொண்டான்.

"பாத்தீங்களா? நான் பொய்யா சொல்றேன்?" என்றார் பாலகோபால், கிட்டத்தட்ட அழுகிற குரலில். "இதே வண்டியில கண்ண மூடிட்டு ஊட்டி ஏறியிருக்கேனுங்க. பக்கத்துல எம்புள்ள பாட்டுப் பாடிட்டே வருவா. எல்லாத்தையும் கெடுத்துப் போட்டாங்க."

திரும்பி வந்ததும் அவர் இறங்கிக்கொண்டார். உதய் வண்டியை ஒர்க் ஷாப்புக்குள் ஓட்டிப் போனான். உள்ளே வந்து உட்காரச் சொல்லி ரிசப்ஷன் பெண் கூப்பிட்டுப் பார்த்தாள். அவருக்கு உட்காரப் பொறுக்கவில்லை. உச்சி வெயிலில், வெளியே சிமெண்டுத் தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மகளிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'கண்ணு, அப்பா புத்தி கெட்டுப் பேசிப்போட்டேன்.' இல்லை, முதலில் சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும்.

உதய் வெளியே வந்தான். அவன் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"சார், லேப்டாப் போட்டுப் பார்த்தேனுங்க. உங்க வண்டிக்கு ரீகால் வேலையே இன்னும் ஆகலைங்க."

"என்னது?"

"அன்னிக்கு நான் லீவுங்க. இப்பத்தான் உள்ள கேட்டேன். சர்வர் வேலை செய்யலைன்னு வண்டியக் கழுவி மட்டும் அனுப்பியிருக்காங்க. இன்னொரு நாள் கொண்டாரச் சொல்லி உங்க பொண்ணுகிட்டயும் சொல்லிட்டாங்களாம். நீங்க கேக்கற பழைய சாஃப்ட்வேர்தானுங்க அப்படியே இருக்குது. இஞ்சின்லயும் ஒரு குறையும் இல்லீங்க. நான் மிதிச்சா நல்லாத்தான் இழுக்குது."

"அப்புறம் எனக்கு மட்டும் ஏனுங்க..."

"இது வேற உங்க கால்லருந்து கழண்டு பெடல் பக்கத்துல கெடந்துச்சுங்க சார்." உதய் ஒற்றைத் தோல் செருப்பை நீட்டினான். நீட்டியவன் கீழே பார்த்துப் பதறினான். "ஐயோ சார், இந்தத் தரையில ஷூ போட்டுட்டே என்னால நிக்க முடியலீங்க. உங்களுக்குச் சுடலீங்களா?"

பாலகோபால் குனிந்து பார்த்தார். கொதிக்கிற சிமெண்டின் மேல் அவருடைய வலது கால் வெறுங்காலாக இருந்தது. அது தரையில் படுவதே அவருக்குத் தெரியவில்லை.