நடு அளவு

உத்தரகோசமங்கையில் அன்று பெண் பார்க்கத் தொண்டியிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர்: மாப்பிள்ளை மாரிச்செல்வம், அவன் அம்மா கனகலட்சுமி, தாய்மாமன் சேதுபதி. பெண் வீட்டில் உமையாளும் அவள் அய்யா ராக்கப்பனும். மூலையில், துண்டு போர்த்திய பிரெஞ்சு ஹார்ன், சுருட்டி வளைத்த பித்தளை ஊதுகுழல்.

அதில் உதடு வைத்து ஊதும் மவுத்பீஸை ராக்கப்பன் காலையிலேயே அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டார். கல்லூரி பேண்டில் ஊதுகிற பெண் என்று தெரிந்தால் தொண்டிக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று பயம்.

உமையாள் அதைப் பார்த்தாள். ஊதக் கூடாது என்றால் கல்யாணமே வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள்.

மாரிச்செல்வத்தைப் பார்த்த பிறகு, அதைச் சொல்லும்படி ஆகிவிடக் கூடாதே என்று இருந்தது.

கனகலட்சுமி வந்ததிலிருந்து முந்தானையால் வாயைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். காபியைக்கூடத் தொடவில்லை. இவளுக்குப் பிடிக்கவில்லை என்று உமையாள் நினைத்தாள்.

மாரிச்செல்வம் கைக்குட்டையை அவிழ்த்தான். உள்ளே மூன்று மவுத்பீஸ். பெரியது, நடுத்தரம், சிறியது.

"குடியரசு தினத்துல நீங்க ஊதுனதப் பாத்தேன். மதுரையில கடைக்காரர் உதட்டு அளவு என்னன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல? மூணையும் வாங்கிட்டேன்."

ராக்கப்பனுக்கு இருமல் வந்தது. உமையாள் துண்டை உருவினாள்.

பெரியதில் அடிச்சுரம் தரையை அதிர வைத்தது. மேலே ஏறினால் வெறும் காற்று. சிறியதில் மேலே சுளுவாக ஏறியது. கீழே இறங்கினால் ஆட்டுக்குட்டி.

சேதுபதி எழுந்தார். "ஏலே மாரி, வர்ற வழியெல்லாம் பட்டது போதாதா? எந்திரி, போவோம்."

தாய்மாமன் கை நனைக்காமல் எழுந்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். ராக்கப்பன் முகம் செத்துப்போனது.

கனகலட்சுமியும் எழுந்து கதவை நோக்கி நடந்தாள். உமையாள் ஹார்னை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

கதவருகே கனகலட்சுமி திரும்பினாள். முந்தானையை எடுத்தாள்.

உதட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று.

"தொண்டியில கார் ஏறுனதுலருந்து மூணையும் மாத்தி மாத்தி ஊதிப் பாத்துட்டேன் ஆத்தா. நடுவுல உள்ளதுதான் எனக்குச் சத்தம் குடுத்துச்சு. அத ஊது."

சிரித்த வாயால் ஹார்ன் ஊத முடியாது. உமையாள் அடக்கிக்கொண்டு நடுத்தரத்தை மாட்டினாள். அடியிலிருந்து உச்சிவரை ஒரு பிசிறு இல்லாமல் வந்தது.

ராக்கப்பன் ஓடிப்போய் டிரம்முக்குள் முழங்கைவரை கையை விட்டார். "பழசும் இங்கனதான் இருக்கு!" அரிசி வீடெல்லாம் சிதறியது.

"அக்கா, வாரியா இல்லையா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

கனகலட்சுமி தம்பியை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். சாவியையும் ஒரு திருகு திருகினாள்.