நின்ற டர்பைனின் புகை

எரிவாயு டர்பைன் நின்று மூன்று நாள். புகைக்கான வரம்பை அரசு இருபத்தைந்தாகக் குறைத்துவிட்டதால், புது பர்னர் மாட்டவென்று பழையவற்றைக் கழற்றித் தரையில் அடுக்கியிருந்தார்கள். ஆனாலும் புகைபோக்கியின் மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. மீட்டரை இரண்டு முறை மாற்றியும் அதே எண்தான்.

“நெருப்பே இல்லாம ஏதும்மா புகை? பூஜ்யம்னு எழுது. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே,” என்றார் மேலாளர்.

“நாளைக்கு வர்ற ஆளை எழுதச் சொல்லுங்க சார். இன்னிக்கு நான்தான்,” என்றாள் மீட்டர் பார்ப்பவள்.

“பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்கிறே. வா, காட்டுறேன்.”

வெளியே போய்ப் புகைபோக்கியின் இரும்பில் உள்ளங்கையை வைத்தார். “பாரு, சில்லுன்னு…” முடிக்காமல் கையை இழுத்துக்கொண்டார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

“குழாய்த் தண்ணியில பிடிங்க சார்,” என்று சொல்லிவிட்டு அவள் பேனாவைத் திறந்தாள். மீட்டர் இப்போது முப்பத்திரண்டு காட்டியது. அவள் முப்பத்திரண்டு என்றே எழுதினாள்.